கதவு திறந்துதான் இருந்தது

புதிதாக ஆம்புலன்ஸ் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளே, பிணவறையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அங்கே படுத்திருப்பவர்களுக்கு உங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் பழகிவிடும். எனக்கும் பழகியது. ஆனால் ஒரு அறை மட்டும் இன்றைக்கும் எனக்குப் பழகவில்லை. அது நாலாவது மாடியில் இருந்தது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அதில் இருந்தவர்கள் எல்லாருமே குணமானவர்கள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் சொல்கிறவன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. அன்றைக்குத்தான் கிளீனராக லாரியில் ஏறினேன். ஏறியவன் இறங்கவே இல்லை. ஒரு ஓட்டை வேனை வாங்கி, அதற்கு நானே வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சிவப்பில் கூட்டல் குறி போட்டு அருப்புக்கோட்டையில் கொண்டுவந்து நிறுத்தினேன். பார்த்தவன் எல்லாம் சிரித்தான். இன்றைக்கு அந்த ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளில் பாதி என்னுடையது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சைப் பிடித்தால் முதலில் எனக்குத்தான் போன் வரும், அதற்குப் பிறகுதான் பெற்ற பிள்ளைக்கு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான். பெருமைக்காகவே சொல்கிறேன். உழைத்தவன் வேறு எதற்குச் சொல்வான்?

வண்டி ஓட்டுவது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அது காலுக்கும் கைக்கும் தானாக வந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. "நமக்கென்ன, ஏத்துனோம் எறக்குனோம்" என்று நிற்கிறீர்கள். உங்கள் வண்டியில் வந்தவரை உள்ளே விழுங்கிக்கொண்டால் வெளியே எடுப்பது யார்?

எனக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வக்கீல். பேர் வேண்டாம். தன் தகப்பனாரின் உடம்பை என் வண்டியில் ஊருக்குக் கொண்டுபோனார். அழாமல் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "டிரைவரே, பாக்கி இருந்தா அவுக கோர்ட்டுக்குப் போயி வாங்கிக்கிறட்டும். அதுக்காக ஆளையும் பிடிச்சு வைக்கக் கூடாது, உடம்பையும் பிடிச்சு வைக்கக் கூடாது. எதுக்கு எவ்வளவுன்னு வரி வரியா பில் கேக்குறது நோயாளியோட உரிமை. ஆனா கவுண்டர்ல நின்னு கத்தாத. கத்துனா நீ ரவுடி. எழுதிக் கேட்டீன்னா நீ மனுதாரர்." சொல்லிவிட்டு, பின்னால் திரும்பித் தகப்பனாரைப் பார்த்து, "சரிதானப்பா?" என்று கேட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. வீரசோழனிலிருந்து காஜா என்று ஒரு பையன் விடியுமுன் போன் செய்தான். வெளிநாட்டில் கடை ஒன்றில் வேலை, லீவில் வந்திருந்தான். அவனுடைய அம்மா நூர்ஜஹான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, என் வண்டியில்தான் மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த ஆஸ்பத்திரியின் பேரும் வேண்டாம்.

"மாமா, அம்மாவுக்கு நல்லாயிருச்சு. வீட்டுக்குப் போகலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ஆனா பில்லு முழுசும் கட்டுனாத்தான்னு சொல்றாக. நான் கொண்டாந்தது, கைமாத்து வாங்குனது எல்லாம் கட்டிட்டேன். இன்னும் அவ்வளவு கேக்குறாக. எனக்கு நாளைக்கு பிளைட்டு. விட்டா வேலையும் போச்சு, விசாவும் போச்சு. நான் போயிட்டா அம்மாவ யாரு கூட்டியாருவா?"

அத்தா என்று கூப்பிடத் தகப்பன் இல்லாத பையன். ஒரே பிள்ளை. சின்னம்மா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்காரனிடம் போய்ப் பேச அங்கே ஆள் இல்லை. "மாப்ளே, நான் வாரேன். அம்மாவ ஏத்திட்டுத்தான் வண்டி திரும்பும்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். காஜா நேராகக் கவுண்டருக்கு ஓடப் பார்த்தான். நான் கையைப் பிடித்தேன். முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் பில்லைப் பார்க்க வேண்டும். இதைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு வார்டில் நூர்ஜஹான் அம்மாவின் கட்டிலில் வேறு ஒரு பெரியவர் படுத்திருந்தார். பணம் புரட்ட ஊரில் அலைந்ததில் சில நாளாக அங்கே வராத காஜா திகைத்தான். "நாலாவது மாடி" என்றாள் ஒரு நர்சு, எங்களைப் பார்க்காமலே. லிஃப்டில் போனோம். கதவு திறந்ததும் சத்தம் என்பதே இல்லை. டிராலி உருளவில்லை, யாரும் இருமவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு அறை, கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு வித்தியாசமாகத் தெரிந்தது வாடைதான். அங்கே மருந்து வாடையே இல்லை. முகப் பவுடர், தேங்காய் எண்ணெய், பெட்டியிலிருந்து எடுத்த துணி. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் வருகிற வாடை. கட்டில் கட்டிலாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் குளித்து, தலை வாரி, வெளியூர் போகிற உடுப்பு உடுத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு பை மடியில். எல்லா முகமும் வாசலைப் பார்த்து.

நான் உள்ளே கால் வைத்ததும் அத்தனை பேரும் பாதி எழுந்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். கையில் காகிதம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு பேச்சு இல்லை.

எத்தனையோ விபத்தைப் பார்த்தவன் நான். ரோட்டில் கிடந்ததைக் கையால் அள்ளியவன். அன்றைக்குக் கும்பிடு போடக்கூட மறந்து நின்றேன்.

நல்ல வேளை, நூர்ஜஹான் அம்மா பேசக்கூடியவர். "வாங்க தம்பி. அன்னைக்குக் கொண்டாந்த டிரைவர் தம்பிதானே? ரோட்டுல ஒரு குழி பாக்கியில்லாம எறக்கி ஏத்துனீகளே, அந்தக் குலுக்கல்லதான் ஒத்த எலும்பு ரெண்டாச்சு."

"ரோடு போட்டவன்கிட்டப் போயிக் கேளுங்கம்மா" என்றேன். சிரிப்பு வந்ததும் எனக்கு உயிர் வந்தது.

அவர் குரலைத் தணித்தார். "கீழ இருந்த வரைக்கும் கையப் பிடிச்சு நாடி பாத்த நர்சுப் பிள்ளைக தம்பி. நல்லாயிருச்சுன்னு எழுதுனதோட நாங்க அவுக கண்ணுக்குத் தெரியிறதில்ல. உள்ள வாரதுக, எங்களத் தாண்டிப் போயி ஜன்னலச் சாத்துதுக, எங்களத் தாண்டித் திரும்பிப் போகுதுக." மணிக்கட்டைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த பட்டையை வெட்டியிருந்தார்கள். அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் எல்லார் மணிக்கட்டிலும் அந்த வெளுப்பு இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் நடுவயதுப் பெண் ஒருத்தி, மடியில் மஞ்சள் பை. கண் கொட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுக எனக்கு முன்னாலேருந்து இருக்காக. பேரு கேட்டேன். சொல்ல மாட்டேங்குறாக" என்றார் நூர்ஜஹான் அம்மா.

கீழே வந்து கவுண்டரில் வரி வரியான பில் கேட்டோம். முதலில் மொத்தத் தொகை போட்ட சீட்டைக் கொடுத்தார்கள். அது வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவையும் அதையே கொடுத்தார்கள். மூன்றாவது தடவை காஜாவை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்ததும் மெஷினிலிருந்து தாள் தாளாக வந்தது.

இங்கேதான் என் திறமை. ஐந்தாம் வகுப்பு என்று வெட்கப்படுகிறவன் முட்டாள். நான் தாளைக் கவுண்டர் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தேன். "எனக்கு இங்கிலீஷ் வராது தாயி. நீயே தமிழ்ல வாசிச்சுச் சொல்லு. காதும் கொஞ்சம் மந்தம், சத்தமாச் சொல்லு." என் காது பாம்புக் காது.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. வாசித்தாள். எங்களுக்குப் பின்னால் பில் கட்ட நின்றவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டினார்கள். ஆபரேசன், எலும்புக்குள் வைத்த கம்பி, மருந்து. எல்லாம் சரி. பிறகு மூச்சு விடும் மெஷின் என்று வந்தது.

"எங்கம்மாவுக்குத் தொடையிலதானேங்க ஆபரேசன்? மறுநாளே உக்காந்து கஞ்சி குடிச்சாக" என்றான் காஜா.

அந்தப் பிள்ளை விரலை நகர்த்தினாள். அடுத்த வரிக்குப் போனாள். வார்டு வாடகை. டாக்டர் வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் கட்டில்ல இப்ப வேற ஒரு பெரியவரு படுத்திருக்காரே தாயி? அவருகிட்ட வாடகை வாங்கலையா?"

"வாங்குறோம் சார்."

"அப்ப ஒரு கட்டிலுக்கு ரெண்டு வாடகை. எங்க அம்மா இருக்குறது நாலாவது மாடியில."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாலாவது மாடியில வார்டு இல்ல சார். சிஸ்டத்துல அது ஸ்டோர் ரூம். அங்க ஆளுங்க இருக்காங்களா?"

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. இப்படிப்பட்டவரிடம்தான் உங்களுக்குக் கோபம் வரும். வரக் கூடாது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். "ஐயா, ஒத்துக்கிற தொகை எது, ஒத்துக்கிறாத தொகை எதுன்னு எழுதித் தாறோம். ஒத்துக்கிறதுல கட்டுனது போக மிச்சத்தப் பையன் மாசாமாசம் அனுப்புவான். அம்மாவக் கூட்டிட்டுப் போறோம். முடியாதுன்னா, பில்லுக்காக இந்த நோயாளிய நிறுத்தி வச்சிருக்கோம்னு ஒரே ஒரு வரி எழுதி சீல் வச்சுக் கொடுங்க. அத எடுத்துக்கிட்டுப் போலீசுக்கும், மாவட்டச் சுகாதார அதிகாரிக்கும் போறோம். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"என்ன சார் இப்படிப் பேசுறீங்க? நாங்க யாரைப் பிடிச்சு வச்சோம்? அந்த அறைக்குப் பூட்டே கிடையாது. கதவு திறந்துதான் இருக்கு. போறவங்க எப்ப வேணா போகலாம்."

தம்பிகளே, மிரட்டியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். மேலே போய்க் கதவைத் தடவிப் பார்த்தேன். பூட்டு இல்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள்கூட இல்லை. வாசலில் வாட்ச்மேன் இல்லை. எதிரிலேயே லிஃப்ட், பக்கத்தில் படி. உள்ளே அத்தனை பேரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இது நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஒரு வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால்கூட, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்க மாட்டோம். சொல்லாமல் கொள்ளாமல் போவது ஓடிப்போவது. அதுவும் பாக்கி வைத்துவிட்டா? யாராவது வந்து "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை, மறுபடி வரச் சொன்னதாக ஆகிவிடும் என்று, யாரும் சொல்வதில்லை. ஆகவே இவர்கள் தினமும் குளித்துக் கிளம்பி, அந்த வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேனேஜருக்கு அது தெரியும். பூட்டு வாங்குகிற செலவு அவருக்கு மிச்சம்.

நூர்ஜஹான் அம்மாவே மாட்டேன் என்றுவிட்டார்.

"கடன வச்சுட்டு நான் வர மாட்டேன் தம்பி. காஜா அத்தா ஜவுளிக் கடை வச்சிருந்தப்ப ஒருத்தர்கிட்ட ஒரு காசு பாக்கி வச்சதில்ல. கடனோட மவுத்தாப் போனா, அது அடையிற வரைக்கும் ரூஹு, அதான் உசுரு, அந்தரத்துல தொங்கும்பாக. என்னால தொங்க முடியாது."

காஜா அழுதே விட்டான். "அம்மா, நாளைக்கு நான் போகணும்மா."

"போடா. நான் இங்க இருந்துக்கிறேன். இத்தன பேரு இருக்காகள்ல?"

நான் திரும்பி அந்த இத்தனை பேரைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாளில் இவரும் பேச்சை நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துக் கட்டில்காரியும் வந்த புதிதில் பேசிக்கொண்டுதானே இருந்திருப்பாள்?

கட்டிலுக்கு அருகில் கீழே உட்கார்ந்தேன். "அம்மா, கடன்னா என்ன? நாம வாங்குனது. மூச்சு மெஷின நீங்க வாங்குனீகளா?"

"நானா? எனக்குக் காலுதான ஒடிஞ்சுச்சு? மூச்ச நானேதான் விட்டேன்."

"கீழ வேற ஒரு பெரியவரு படுத்திருக்காரே, அந்தக் கட்டில்ல நீங்க தூங்குனீகளா?"

"எப்படித் தூங்குவேன்? இந்தாதான கெடக்கேன்."

"அப்ப அது ரெண்டும் உங்க கடன் இல்ல. அதையும் சேத்துக் கொடுத்தா பொய்க் கணக்குக்கு நீங்க சாட்சி சொன்ன மாதிரி ஆகும். அதுக்கு மேல போயி அல்லாகிட்ட என்ன பதில் சொல்லுவீக?"

அவர் என் பக்கம் குனிந்தார். "ஆபரேசன் காசு?"

"அது உங்க கடன். நீங்கதான் அடைக்கணும். எழுதிக் கொடுப்போம்."

"அப்ப எழுதச் சொல்லுங்க. பேர முழுசா எழுதச் சொல்லுங்க. நாந்தான்னு அவுகளுக்குத் தெரியணும்."

காஜா இரண்டு பிரதி எழுதினான். ஒன்றை அவர்களிடம் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாக சீல் வாங்கினோம். சீல் இல்லாத மனு வெறும் தாள், மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரதியையும் பில்லையும் வைத்து மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். இழுத்தடித்துத்தான் முடிந்தது. ஆனால் மெஷினும் வாடகையும் பில்லிலிருந்து போயின. மீதியை அம்மா ஒரு மாதம்கூடத் தவறாமல் அடைத்தார். கடைசித் தவணையைக் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்து, "இனி நான் எப்ப வேணா மவுத்தாகலாம் தம்பி" என்றார். இன்னும் திடமாக இருக்கிறார்.

சீல் வாங்கியதும் மேலே போய் அறை வாசலில் நின்று சொன்னேன். என் குரல் கொஞ்சம் பெரிய குரல். "ம், கெளம்புங்க. போகலாம்."

காஜா அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். லிஃப்ட் கதவு மூடும்போது கடைசியாகப் பார்த்தேன். அறையில் எல்லாரும் பாதி எழுந்தபடி அப்படியே நின்றார்கள். அந்தத் தடவை அவர்கள் உட்காரவில்லை.

அருப்புக்கோட்டையில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த காஜா இறங்கி வந்து, "அம்மாவுக்கு ஒரு டீ, எனக்கு ஒண்ணு, உங்க ஆளுக்கும் ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றான்.

"என் ஆளா?"

"அந்த அக்கா. உங்க வண்டியோட வந்தவுகதான?"

"பின்னால ஒருத்தி ஏறுனதக் கண்ணாடியில பாத்தேன். உன் சொந்தக்காரின்னுல்ல நெனச்சேன்?" என்றேன்.

பின்கதவைத் திறந்தேன். நூர்ஜஹான் அம்மாவின் கால்மாட்டில், மடியில் மஞ்சள் பையோடு பக்கத்துக் கட்டில்காரி உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்ததும் பாதி எழுந்தாள்.

"நீங்கதான தம்பி கெளம்புங்கன்னு சொன்னீக?" என்றார் நூர்ஜஹான் அம்மா. "அதான் படியெறங்கிக் கூடவே வாராக."

டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தாள். "குடிங்கக்கா" என்று அம்மா சொன்ன பிறகுதான் குடித்தாள். கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கு. எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திருச்சுழி தாண்டி, நரிக்குடிக்கு முன்னால் ஒரு மண் பாதை பிரிகிற இடத்தில், எனக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டினாள். திருப்பினேன்.

இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். காற்று இல்லை. கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரி சுடுகிற மூட்டங்கள் பொட்டலில் அங்கங்கே புகைந்துகொண்டிருந்தன. ஒரு மூட்டத்தின் ஓரத்தில் ஒரு உருவம் நின்றது. தலை முதல் கால் வரை கரி. வெள்ளையாகத் தெரிந்தது கண் மட்டும்தான். வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டி விழுந்தது.

பின்கதவைத் திறந்துவிட்டேன். அவன் கிட்டே வரவில்லை. தூரத்திலேயே நின்று அவளைப் பார்த்தான். பிறகு வண்டிக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தான், யாரும் துரத்தி வருகிறார்களா என்று.

"ராக்கு, யாரு விட்டா ஒன்ன?"

அவள் இறங்கவில்லை. பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் என்னிடம் சொன்னான். "பணத்தோட வா, ஆளக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாக அண்ணாச்சி. வெறுங்கையோட போனா என்னையும் உக்கார வச்சிருவாகளோன்னு... மூட்டம் மூட்டமாச் சுடுறேன். வட்டிக்கே சரியாப் போகுது." கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர் கரியில் இரண்டு கோடு போட்டது. "ஒன்ன விட்டுட்டேன்னு நெனச்சிட்டியா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி எதையோ பார்த்தாள். திடீரென்று பையைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்கினாள்.

"இந்தாரு, அழுகுறத அப்புறம் அழுகலாம். மூட்டத்துல தீ வெளிய வருது பாரு. அத்தனையும் சாம்பலாகப் போகுது. மண்ண அள்ளிப் போடுய்யா!"

திரும்பினோம். மூட்டத்தின் ஒரு பக்கம் மண் பிளந்து நாக்கு நாக்காகத் தீ வெளியே வந்திருந்தது. அவள் கையாலேயே மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள். அவன் ஓடிவந்து மண்வெட்டியை எடுத்தான். "கூறு இருக்கா ஒனக்கு? இப்படியா மூட்டம் போடுவாக? நான் இல்லாட்டி இதான் லெட்சணம்" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். நூர்ஜஹான் அம்மா வண்டிக்குள்ளிருந்து, "அல்லாவே, இவுகளுக்கு இவ்வளவு பேச்சு வருமா!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது நின்றவர்கள் கண்ணிலேயே நின்றார்கள்.

பில்லின் தலைப்பில் கவுண்டரின் செல்போன் நம்பர் இருந்தது. புகைக்கு அந்தப் பக்கம் போய் நின்று போன் செய்தேன். அந்தப் பிள்ளைதான் எடுத்தாள்.

"தாயி, காலையில பில்லு வாசிச்சியே, அந்தக் காது கேக்காத டிரைவர். நாலாவது மாடிக்குப் போயிப் பாத்தியா?"

"பாத்தேன் சார்" என்றாள். குரல் மாறியிருந்தது. "எல்லாரும் நின்னுக்கிட்டிருக்காங்க சார். நீங்க போனதுலேருந்து நின்னுக்கிட்டேதான் இருக்காங்க. என்னன்னு கேட்டா பேச மாட்டேங்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாத. மறுபடி ஒருக்காப் போ. போனக் கையிலயே வச்சுக்க. உங்க மேனேஜர் எங்கிட்டச் சொன்னத அவுககிட்டச் சொல்லு. கதவு திறந்துதான் இருக்கு, போறவங்க எப்ப வேணா போகலாம்னு. நீயாச் சொல்ல வேணாம். அவரு சொன்னாருன்னு சொல்லு. பாக்கிய எழுதிக் கேக்கலாம், எழுதிப் பதில் சொல்லலாம்னும் சொல்லு. கடைசியா, போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை."

"ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லக் கூடாது சார்."

"இன்னைக்குச் சொல்லு தாயி."

அவள் நடக்கிற சத்தம், லிஃப்ட் சத்தம் கேட்டது. பிறகு அந்த மாடியின் அமைதியே போனுக்குள் வந்துவிட்டது. அவள் சொன்னாள். மெல்லிய குரல், கடைசி வார்த்தையில் உடைந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. மூட்டம் புகைகிற சத்தம்தான் என் காதில் விழுந்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

அப்புறம் ஒரு செருப்புச் சத்தம். அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒன்றோடொன்று கலந்து, எண்ண முடியாமல், நிற்காமல், படிகளில் இறங்கிக்கொண்டே இருந்தது.